குன்னூர்க் குளிரில் மூன்று கைவேலைகள்

கம்பளிப் பின்னல், பழந்துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வைத் தையல், வீட்டிலேயே கேக்கும் ரொட்டியும் சுடுவது ஆகிய மூன்றும் குன்னூரில் எங்கள் வீட்டின் அன்றாட வேலைகளாகப் பல ஆண்டுகளாக இருந்துவருகின்றன. ஓய்வு நேரக் கைவேலைகள் என்று மூன்றையும் சேர்த்தே பலர் பேசுகிறார்கள். ஆனால் இவை நம்மிடம் கேட்கும் நேரம் ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறானது. பின்னலுக்கு நாளின் உதிரி நிமிடங்களே போதும், ஒரு வரிசையோடு நிறுத்திவிட்டு எழுந்து போகலாம். போர்வைத் தையல் பகல் வெளிச்சத்தையும் விரிந்த இடத்தையும் கேட்கும், மாதக்கணக்கில் நீளும். அடுப்பு வேலையைத் தொடங்கிவிட்டால் முடியும்வரை நடுவில் விட முடியாது. ஆசையோடு தொடங்கிய பலர் சில வாரங்களில் விட்டுவிடுவதை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. தங்கள் நாளில் எந்த நேரம் கையில் இருக்கிறதோ அதற்குப் பொருந்தாத வேலையைத் தேர்ந்தெடுத்ததே பெரும்பாலும் காரணமாக இருந்தது. கைக்குழந்தை உள்ள வீட்டில் ரொட்டிமாவோடு போராடுவதைவிடப் பின்னல் ஊசியை எடுப்பது நல்லது. வாரத்தில் ஒரு காலைப்பொழுது மட்டுமே ஓய்வாகக் கிடைப்பவருக்கு அடுப்பு வேலைதான் ஏற்றது.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடும், மாலையில் வெளியே போக வழியிருக்காது. கம்பளிப் பின்னல் இங்கே வெறும் அழகுக்கான கலையாக இல்லாமல் தேவையாகவும் இருப்பதற்கு இந்தக் குளிரும் ஈரமும் காரணம். எனக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் எங்கள் அடுத்த வீட்டில் இருந்த மூத்த அக்கா. அவர் பேசிக்கொண்டே பின்னுவார், கண் ஊசியில் இருக்காது. "இழுத்துப் பிடிக்காதேம்மா, நூல் தானா வரும்" என்று அவர் அடிக்கடி சொன்னது பின்னலுக்கான மிகச் சரியான பயிற்சி என்று இன்றும் நம்புகிறேன். நூலை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு ஊசி கண்ணிக்குள், அதாவது ஊசியில் ஏறியிருக்கும் நூல் வளையத்துக்குள், நுழையாது, விரல் வலிக்கும், துணி பலகைபோல விறைக்கும்.

முதலில் வாங்க வேண்டியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 4 மி.மீ. தடிமனுள்ள ஒரு ஜோடி ஊசி, நடுத்தரப் பருமனில் வெளிர்நிற நூல், ஒரு குரோஷா ஊசி, அளவு நாடா, கத்தரிக்கோல் ஆகியவை போதும். புதிதாகக் கற்பவருக்கு உலோக ஊசியைவிட மூங்கில் ஊசி நல்லது, கண்ணிகள் வழுக்கி விழாது. கருப்பு, கருநீலம் போன்ற அடர்நிற நூலில் கண்ணிகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அவற்றைப் பின்னாளுக்கு ஒதுக்கிவைக்கலாம். கடையில் 'உல்லன்' என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது அக்ரிலிக் நூல்தான். அது விலை குறைவு, துவைப்பது எளிது, குழந்தைகளின் உடைக்கு வசதியானது. ஆனால் ஈரக்காற்றில் ஆட்டுக் கம்பளி தரும் வெதுவெதுப்பை அது தருவதில்லை. ஆட்டுக் கம்பளியோ வெந்நீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிவிடும், பிறகு அதை மீட்க முடியாது. குளிர்ந்த நீரில் மென்மையான சோப்பு கரைத்து ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையே ஸ்வெட்டரை நீட்டிவிடும். ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டினத்தைப் பேணும் ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்கிவருகிறது. மென்மயிர் தரும் ஆட்டினம் ஒன்று நம் மலையிலேயே இருப்பது பின்னல் பழகும் எவருக்கும் மகிழ்ச்சி தரும் செய்தி.

பின்னலில் அடிப்படையாக இருப்பவை இரண்டே அசைவுகள்: நூலைப் பின்னால் வைத்துக் கண்ணியை இழுக்கும் ப்ளெயின், நூலை முன்னால் வைத்து இழுக்கும் பர்ல். எல்லா வரிசைகளையும் ப்ளெயினாகவே போட்டால் இருபுறமும் ஒரேபோல் முண்டுமுண்டாக, சுருளாமல் கிடக்கும் துணி கிடைக்கும். ஒரு வரிசை ப்ளெயின், அடுத்தது பர்ல் என்று மாற்றிப் போட்டால் ஒருபுறம் வழவழப்பாக இருக்கும். ஆனால் ஓரங்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். இது அந்தப் பின்னலின் இயல்பே தவிர, கையின் குறை அன்று. இதனால்தான் ஸ்வெட்டரின் கீழ்விளிம்பிலும் கழுத்திலும் இரண்டு ப்ளெயின், இரண்டு பர்ல் என்று மாறிமாறி வரும் பட்டை வைக்கிறோம்.

பின்னலில் எல்லாவற்றையும்விட முக்கியமானது என நான் கருதுவது, பெரும்பாலோர் தாண்டிச் சென்றுவிடும் மாதிரித் துண்டுதான். எந்த உடையைத் தொடங்கும் முன்பும் அதே நூலில், அதே ஊசியில் 15 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி, அதன் நடுவே 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் என்று எண்ணுகிறேன். நடுத்தர நூலில், 4 மி.மீ. ஊசியில் வழக்கமாக 22 கண்ணிகள் வரும். 96 சென்டிமீட்டர் மார்புச் சுற்றுக்கு அப்படியானால் 211 கண்ணிகள் வேண்டும். கை சற்றுத் தளர்ந்து 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணிகளே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே 211 கண்ணிகளில் பின்னிய ஸ்வெட்டர் 105 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். இரண்டே கண்ணிகளின் வேறுபாடு ஒருவருடைய உடையை இன்னொருவருடையதாக மாற்றிவிடுகிறது. மாதிரித் துண்டுக்குச் செலவாகும் ஒரு மாலைப்பொழுது, பின்னால் வரப்போகும் பல வார உழைப்பைக் காக்கிறது. அந்தத் துண்டுகளையும் நான் வீசுவதில்லை. நூலின் பெயர்ச்சீட்டோடு ஒரு நோட்டில் தைத்துவைக்கிறேன், அடுத்த முறை அதே நூல் வாங்கும்போது கணக்கு தயாராக இருக்கும்.

முதல் வேலையாக மப்ளரைத் தேர்ந்தெடுக்குமாறு பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒன்றரை மீட்டருக்கு ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பப் பின்னுவது தொடக்கநிலையில் சலிப்பையே தரும். தொப்பி நல்ல தொடக்கம்: மேலே சொன்ன நூலிலும் ஊசியிலும் 110 கண்ணிகள் எடுத்து, ஐந்து சென்டிமீட்டருக்கு இரண்டு ப்ளெயின், இரண்டு பர்ல் பட்டை போட்டு, அதற்குமேல் வழவழப்பான பின்னலில் உயர்த்தி, உச்சியில் கண்ணிகளைக் குறைத்து நூலால் சுருக்கிப் பின்பக்கம் தைத்தால் பெரியவர் தலைக்குப் பொருந்தும் தொப்பி கிடைத்துவிடும். 110 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. நான்கின் மடங்கோடு இரண்டு கூடியிருப்பதால் வரிசை இரண்டு ப்ளெயினில் தொடங்கி இரண்டு ப்ளெயினிலேயே முடியும். ஓரத்துக்கு ஒரு கண்ணி தையலில் மறைந்தபின் பின்புற இணைப்பில் பட்டை முறியாமல் தொடரும்.

கண்ணி நழுவி விழுவது எல்லோருக்கும் நடப்பதுதான். விழுந்த கண்ணியைக் குரோஷா ஊசியால் ஏணிப்படி ஏறுவதுபோல ஒவ்வொரு குறுக்கு நூலாக மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடலாம். பூவேலைப் பின்னலில் இது கடினம் என்பதால், சரியாக முடிந்த ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறப் பருத்தி நூல் ஒன்றைத் தையலூசியால் கோத்து விட்டுவிடுகிறேன். பின்னால் எங்கே பிழை நேர்ந்தாலும் அந்த நூல்வரை பிரித்தால் போதும், அதற்குக் கீழே எதுவும் அவிழாது. இன்னொன்று உடம்பைப் பற்றியது: அரைமணி நேரத்துக்கு ஒருமுறை ஊசிகளைக் கீழே வைத்து மணிக்கட்டையும் கழுத்தையும் தளர்த்த வேண்டும். கட்டைவிரல் அடியில் வலி தொடங்கினால் சில நாட்கள் நிறுத்தியே ஆக வேண்டும்.

போர்வைத் தையலுக்கு நான் வந்தது பழம்புடவைகள் வழியாக. பிறந்த குழந்தைக்கு அம்மாவின், பாட்டியின் நூல்சேலைகளை மடித்துத் தைத்து விரிப்பது நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம். இதன் உறவுகள் நாடு முழுதும் உண்டு. வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் காந்தா இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் கவந்தி என்னும் போர்வையைத் தைக்கிறார்கள். அவர்கள் துணிகளை முதலில் ஒட்டி முடித்துவிட்டுப் பின் தைப்பதில்லை. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு துண்டாக மடித்துவைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச்சுற்றி நடுவுக்கு வருகிறார்கள், நான்கு மூலைகளிலும் மடித்த துணிப்பூ வைக்கிறார்கள். அளவுகோலும் பெரிய மேசையும் இல்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தே தைக்கலாம், துண்டுகள் எந்த வடிவத்தில் இருந்தாலும் பயன்படும்.

சதுரங்களை இணைத்துத் தைக்கும் முறைக்குக் கணக்குத் தேவை. தையலுக்காக எல்லாப் பக்கமும் கால் அங்குலம் போய்விடுவதால், 5 அங்குலச் சதுரம் தைத்து முடித்தபின் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்தில் 12, நீளத்தில் 16 என்று 192 சதுரங்கள் வெட்டினால், 54 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள மேல்துணி கிடைக்கும். இது ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவு. எல்லாச் சதுரங்களும் ஒரே அளவில் இருக்க அட்டையில் ஒரு சதுரத்தை வெட்டிவைத்துக்கொண்டு அதைப் பார்த்தே துணியில் கோடு போடுகிறேன். நூலோட்டத்துக்கு நேராக வெட்டுவது முக்கியம். கோணலாக வெட்டிய துண்டு தைக்கும்போது இழுபட்டு நீளும், வரிசைகள் மூலையில் சேராது. ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டு அழுத்திய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். துணிக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. தெருமுனைத் தையற்காரரிடம் சொல்லிவைத்தால் வெட்டுத்துணிகளை எடுத்துவைப்பார், அவற்றில் பருத்தியை மட்டும் பிரித்துக்கொள்ளலாம்.

பழைய துணிக்கு இரண்டு சோதனைகள் செய்கிறேன். இரு கைகளாலும் பிடித்துச் சட்டென இழுக்கும்போது இழை விலகினால் அந்தத் துணி போர்வைக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு சலவைக்குள் கிழிந்து அதைச் சுற்றியுள்ள துண்டுகளையும் பாழாக்கும். அடுத்து, ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் வைத்து இஸ்திரிப்பெட்டியால் அழுத்திப் பார்க்க வேண்டும். நிறம் ஏறினால், அதிலும் குறிப்பாகச் சிவப்பாக இருந்தால், பலமுறை அலசியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். அம்மாவின் மதுரைச் சுங்குடிச் சேலைகளில் முன்தானைப் பகுதி மட்டும் உறுதியாக இருந்தது, உடல்பகுதி நைந்துபோயிருந்தது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அந்தப் புள்ளிகளை அப்படியே விட மனம் வராமல், முன்தானையைச் சதுரங்களாகவும், நைந்த பகுதியை உள்ளடுக்காகவும் வைத்தேன். உள்ளே இருக்கும் துணியில் உராய்வு குறைவு, அதனால் அங்கே வலுக்குறைந்ததும் நிற்கும்.

நடுவில் எதை வைப்பது என்பதில் ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தளர்வான இலவம்பஞ்சை வைத்தால் தையல் நெருக்கமாக இல்லாதபோது ஒரு மூலையில் திரண்டுகொள்ளும். தடித்த பருத்தி அடுக்கு வைத்த போர்வை குன்னூரின் மழைமாதங்களில் துவைத்தால் நாட்கணக்கில் காயாது, பூஞ்சை வாடை பிடித்துவிடும். மெல்லிய பழைய பிளானல் துணி ஒன்றை நடுவில் வைத்து, அது போதாத குளிருக்கு இரண்டு மெல்லிய போர்வைகளைச் சேர்த்துப் போர்த்திக்கொள்வதே எங்கள் வீட்டு வழக்கம். மூன்றடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்புறமாகக் கைப்படச் சமன்செய்து, பெரிய பெரிய தையலாக இழையோட்டிய பிறகே உண்மையான ஓட்டுத்தையலைத் தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி குவிந்து மடிப்பு விழும். ஒரு நாளில் நான் போடுவது சில வரிசைகள்தான். வெளிச்சம் குறைந்ததும் எடுத்துவைத்துவிடுகிறேன், பகலில் தைத்த தையலும் விளக்கடியில் தைத்த தையலும் ஒரேபோல் அமைவதில்லை.

அடுப்பு வேலைக்கு வந்தால், மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது முதலில் உயரம். சமவெளியில் இருப்போர் எழுதிய அளவை அப்படியே பின்பற்றி இங்கே கேக் சுட்டால் அடுப்புக்குள் நன்றாக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிடும். காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் பேக்கிங் பவுடர் வெளியிடும் வாயு அதிகமாக விரிகிறது. மாவு வெந்து உறுதிப்படுமுன்பே குமிழ்கள் பெரிதாகி உடைந்துவிடுகின்றன. மேலும், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீரின் கொதிநிலை இறங்குகிறது. குன்னூரில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், மாவிலுள்ள ஈரமும் விரைவாக ஆவியாகும். இந்தக் காரணங்கள் புரிந்துவிட்டால் திருத்தம் எளிது. சமவெளியில் 200 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் வெண்ணெய், நான்கு முட்டை, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் என்று இருந்தால், இங்கே சர்க்கரையை 180 கிராமாகவும் பேக்கிங் பவுடரை ஒன்றரைத் தேக்கரண்டியாகவும் குறைத்து, மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாகச் சேர்க்கிறேன். ஓவனின் சூடு 175 டிகிரி என்றிருப்பதை 185 ஆக உயர்த்துகிறேன், கேக் சீக்கிரம் உறுதிப்படும். கேக் சுடும் தகரப் பாத்திரத்தைப் பாதிக்குமேல் நிரப்புவதில்லை.

கோப்பைக் கணக்கைவிட்டு எடைக் கணக்குக்கு மாறுவது, புதிதாகத் தொடங்கும் எவருக்கும் நான் சொல்லும் முதல் யோசனை. ஒரு கோப்பை மைதா, அள்ளும் விதத்தைப் பொறுத்து 120 கிராமாகவும் இருக்கலாம், 150 கிராமாகவும் இருக்கலாம். சிறிய டிஜிட்டல் தராசு இந்த ஐயத்தை நீக்கிவிடும். வீட்டு ஓவனின் திருகு காட்டும் எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, கால் மணி நேரம் சூடேற்றிப் பார்த்து, உண்மையில் எத்தனை டிகிரி என்று அறிந்துகொள்வது நல்லது.

ரொட்டிக்கு எடைக் கணக்கு இன்னும் அழகாகப் பொருந்துகிறது. 500 கிராம் மைதாவுக்கு 325 கிராம் தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் உலர் ஈஸ்ட் என்பது எந்த நாளும் கைவிடாத அளவு. பாதியளவு கோதுமை மாவு சேர்த்தால் தண்ணீரும் கூட வேண்டும். நம் மில்லில் கல்லால் அரைக்கும் மாவில் தவிடும், அரைபடும்போது உடைந்த மாச்சத்தும் அதிகம் என்பதால் அது நிறைய நீரை உறிஞ்சும். 30, 40 கிராம் தண்ணீரைத் தனியே வைத்துக்கொண்டு மாவின் போக்கைப் பார்த்துச் சேர்ப்பது என் பழக்கம். குளிர்காலத்தில் மாவு எழும்ப மிகவும் தாமதமாகும். சூடேற்றாத ஓவனுக்குள் மாவுப் பாத்திரத்தையும், அருகில் ஒரு கிண்ணம் வெந்நீரையும் வைத்துக் கதவை மூடிவிடுகிறேன். கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், மாவு இருமடங்கு ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். விரலால் அழுத்தும்போது குழி மெதுவாகத் திரும்பி எழுந்தால் அடுப்புக்குத் தயார். சுட்டபின் ரொட்டியின் அடியைத் தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும். முழுதும் ஆறுமுன் வெட்டினால் உள்ளே பிசுபிசுப்பாகத் தோன்றும், குழந்தைகள் எவ்வளவு கேட்டாலும் ஒரு மணி நேரமாவது பொறுக்க வைக்கிறேன். இங்குள்ள பேக்கரிகளில் கிடைக்கும், பல மடிப்புகளாக மொறுமொறுவென்று இருக்கும் வர்க்கியை மட்டும் வீட்டில் செய்ய முனைவதில்லை. அதன் மடிப்புகளுக்கு விறகடுப்பின் சூடும் தேர்ந்த கையும் வேண்டும், அந்த உழைப்புக்கு உரியவர்களிடமே அதை வாங்குகிறேன்.

இந்த மூன்றையும் பார்க்கும் எவரும் சிறிது நேரத்தில் கேட்கும் கேள்வி, "இதையெல்லாம் வித்தா நல்ல காசு வருமே?" என்பது. அன்போடு கேட்கிறார்கள், விற்பதில் தவறும் இல்லை. வீட்டில் சுட்டு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறையாகப் பதிவுசெய்துகொண்டு நன்றாகவே நடத்துகிறார்கள். ஆனால் விற்கத் தொடங்கினால் நேரத்தின் இயல்பே மாறிவிடும். உதிரி நிமிடங்களில் வளர்ந்த ஸ்வெட்டர் குறித்த நாளுக்குள் முடிய வேண்டியதாகிவிடும், ஒரே போர்வையைப் பத்துமுறை தைக்க வேண்டிவரும். ஒரு ஸ்வெட்டருக்குச் செல்லும் மணிநேரங்களுக்கு நியாயமான கூலி வைத்தால் அந்த விலையைக் கேட்டு வாங்குவோர் அரிது. நான் இவற்றை வீட்டுக்கும் வேண்டியவர்களுக்கும் என்றே வைத்திருக்கிறேன். பொருள் வாங்கும் செலவுக்கு மாதம் ஒரு தொகையை ஒதுக்கி அதற்குள் நிற்கிறேன். கையிலுள்ள நூல் தீருமுன் புதிய நூல் வாங்குவதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன், ஏனெனில் இந்தக் கைவேலைகளில் செய்வதைவிடச் சேர்ப்பது விரைவாக வளரும்.

செய்து முடித்த பொருளைப் பேணுவதும் இந்த வேலையின் பகுதிதான். கம்பளியை அழுக்கோடு எடுத்துவைத்தால் பூச்சி அரிக்கும். துவைத்து, வெயில் கிடைக்கும் நாளில் நன்றாக உலர்த்தி, காய்ந்த வேப்பிலையோடு துணிப்பையில் கட்டிவைத்து, அவ்வப்போது பிரித்துக் காற்றாட விட வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும், அது வேண்டாம். ரொட்டி மூன்றாம் நாள் விறைத்துவிட்டால் துண்டுபோட்டுக் குறைந்த சூட்டில் உலர்த்தி ரஸ்க் ஆக்கிவிடலாம். ஸ்வெட்டர் முடிந்ததும் மீந்த நூலில் சிறு கற்றை ஒன்றை உள்பக்கத் தையலோடு சேர்த்துக் கட்டிவிடுகிறேன். அது ஒவ்வொரு சலவையிலும் ஸ்வெட்டரோடு சேர்ந்தே வெளுக்கும். சில ஆண்டுகளில் முழங்கை தேயும்போது அந்த நூலால் இழைபோட்டுச் சரிசெய்தால் ஒட்டு தனித்துத் தெரியாது.